ஊத்தங்கரை அருகே ஒரு வீடு: அஸ்திவாரத்தோடு சேர்த்துத் திட்டமிட்ட புயல் அறை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. அது வலுவிழந்து மேற்கே நகர்ந்தபோது, கடலிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 503 மில்லிமீட்டர் மழை பெய்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகக் கிடைப்பதே 800 முதல் 900 மில்லிமீட்டர்தான். பக்கத்து மாவட்டமான தருமபுரியின் அரூரிலும் அன்று 33 சென்டிமீட்டர் பதிவானது. ஏரிகள் கோடி போயின. ஊத்தங்கரைப் பேருந்து நிலையத்தை ஒட்டி நிறுத்தப்பட்டிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போனதைத் தொலைக்காட்சியில் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. இந்த ஆய்வில் பேசப்படும் வீடு அந்த மழைக்குப் பிறகு அதே வட்டத்தில் ஒரு சிற்றூரின் ஓரத்தில் கட்டப்பட்டது. அதன் வடிவமைப்பைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஊராருக்கு அவர் வாத்தியார். அவருடைய பழைய வீட்டில் ஓட்டுக் கட்டு ஒன்றும், பின்னால் தகரக் கூரை போட்ட அறை ஒன்றும் இருந்தன. ஒரு கோடைச் சூறைக்காற்றில் அந்தத் தகரம் கழன்று இரண்டு வீடு தள்ளிப் போய் விழுந்திருந்தது. இங்கே மாங்காய் முற்றும் ஏப்ரல், மே மாதங்களில் இத்தகைய காற்று வராத ஆண்டு அரிது. ஆகவே புது வீட்டில் அவர் கேட்டவை இரண்டு: தண்ணீர் உள்ளே வரக் கூடாது, காற்றுக்கும் இடிக்கும் பயந்து ஒதுங்க, தொண்ணூறை நெருங்கும் அவருடைய தாயார் முதல் பேத்தி வரை ஆறு பேருக்கும் உறுதியான ஓர் அறை வேண்டும். மனை 40-க்கு 60 அடி. இப்போதைக்குத் தரைத்தளம் மட்டும். பின்னால் மேலே ஒரு தளம் எடுக்க இடம் விட்டுத் திட்டமிட வேண்டும்.

ஓக்லஹோமாவிலிருந்து வந்த வரைபடம்

வேலை தொடங்குமுன்பே ஒரு வரைபடம் வந்து சேர்ந்தது. வாத்தியாரின் மகன் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வேலை செய்கிறார். அங்குள்ள வீடுகளில் தரைக்கடியில் புதைக்கும் புயல் அறையைப் பார்த்துப் பழகியவர் என்பதால், அதே போல் ஒன்றைக் கொல்லையில் பூமிக்குள் இறக்க வேண்டும் என்று அளவுகளோடு அனுப்பியிருந்தார். அவருடைய கவலையில் நியாயம் உண்டு. 2013 மே 20 அன்று ஓக்லஹோமாவின் மூர் நகரைத் தாக்கிய சுழற்காற்றில் 24 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஏழு பேர் ஒரு தொடக்கப் பள்ளியில் இருந்த குழந்தைகள். அத்தகைய சூழலுக்காக எழுதப்பட்ட அமெரிக்க வழிகாட்டிகள் மணிக்கு 250 மைல், அதாவது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகக் காற்றை எதிர்த்து நிற்கும்படி புயல் அறையை வடிவமைக்கச் சொல்கின்றன.

ஆனால் ஓர் ஊருக்கான விடை அடுத்த ஊருக்கும் விடையாகிவிடாது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். இந்தியக் காற்று விதியான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி பெங்களூருக்கு நொடிக்கு 33 மீட்டரும் சென்னைக்கு 50 மீட்டரும் அடிப்படை வேகமாக வைத்திருக்கிறது. இந்த வீட்டுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அதிலிருந்து கிடைக்கும் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ. ஓக்லஹோமா வேகத்துக்கு அதே கணக்கைப் போட்டால் 760 கிலோவைத் தாண்டுகிறது. எட்டு மடங்கு வித்தியாசம். அந்த எட்டு மடங்குக்காகச் செலவழிக்கும் கம்பியையும் சிமெண்டையும் இந்த வட்டத்தில் வேறு ஓர் ஆபத்துக்கு எதிராகச் செலவிடுவதே பொருத்தம். அந்த ஆபத்து தண்ணீர்.

சுழற்காற்று சில நிமிடங்களில் கடந்து போய்விடும். குடும்பம் குழிக்குள் இறங்கி, சற்று நேரத்தில் ஏறி வந்துவிடலாம். புயலின் எச்சமாக இங்கே வருவதோ ஒரு பகலும் இரவும் விடாமல் கொட்டும் மழை. 503 மில்லிமீட்டர் மழை 40-க்கு 60 அடி மனை ஒன்றின் மேல் மட்டும் விழுந்தால் அது 1,12,000 லிட்டர். தெருவிலிருந்தும் மேட்டு நிலத்திலிருந்தும் வந்து சேரும் நீர் இந்தக் கணக்கில் இல்லை. அப்படிப்பட்ட இரவில் கொல்லைக் குழிக்குள் இறங்கிக் கதவைச் சாத்திக்கொள்வது, ஆபத்திலிருந்து ஒதுங்குவதற்கு நேர் எதிரான செயல்.

இதற்கு மேல் மிதப்பு ஒன்று இருக்கிறது. மகன் அனுப்பிய பெட்டியின் வெளி அளவு 2.4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம். சுற்றிலும், மேலும் கீழும் 15 சென்டிமீட்டர் கான்கிரீட். பெட்டியின் மொத்தப் பருமன் 9.07 கன மீட்டர்; ஆகவே சுற்றியுள்ள மண் நீரில் முழுக ஊறினால் அதை மேலே தள்ளும் விசை 9 டன்னுக்குச் சற்று அதிகம். பெட்டியில் உள்ள கான்கிரீட் 3.4 கன மீட்டர், எடை 8.5 டன். உள்ளே ஆறு பேர் உட்கார்ந்தால்தான் இரண்டும் ஏறத்தாழச் சமமாகின்றன. மண்ணின் பிடிப்பு சிறிது உதவும் என்றாலும், உதவும் என்று நம்பி ஒரு குடும்பத்தை உள்ளே அனுப்ப முடியாது. இந்தக் கணக்கை நான் காகிதத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "போன மழையில புதுசாக் கட்டின காலித் தொட்டி ஒண்ணு ஒரு பக்கமா மேல கிளம்பி நின்னுச்சுங்க சார், நானே பார்த்தேன்" என்றார். தொலைபேசியில் மகனை இறங்கிவரச் செய்தது என் கணக்கைக் காட்டிலும் அந்த வாக்கியம்தான். ஓக்லஹோமாவிலேயே பல வீடுகளில் நிலவறை கிடையாது. நீரேறினால் உப்பும் களிமண்ணே அதற்கு ஒரு காரணம் என்பதையும் அவரிடம் சொன்னோம். அதை அவரும் அறிந்திருந்தார்.

ஆகவே புயல் அறை தரைக்கு மேலே, வீட்டுக்குள்ளே, வீட்டின் பேஸ்மட்டத்தின் உயரத்திலேயே அமையும் என்று முடிவாயிற்று. அது எந்த இடம் என்பதை மண் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று குழிகள்

எங்கள் பக்கத்தில் வாணம், அதாவது அஸ்திவாரத்துக்கு எடுக்கும் குழி, ஐந்தடி என்பது ஏறக்குறைய சட்டம். மேஸ்திரியும் அதையே சொன்னார்: "நம்ம ஊர் மண்ணுக்கு அஞ்சடி எடுத்தா அரண்மனையே கட்டலாம் சார்." கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பெரும்பகுதிக்கு அவர் சொன்னது தவறில்லை. மேலே ஓரிரண்டு அடி செம்மண், அதன்கீழ் பாறை உதிர்ந்து உருவான மொரம்பு, இன்னும் கீழே கருங்கல் என்பதே இங்கே வழக்கமான அடுக்கு. மொரம்பில் உட்கார்ந்த கடைக்கால் அசைவதில்லை. சிக்கல் என்னவென்றால், அவர் சொல்லும் ஐந்தடி ஒரு டேப்பின் அளவு. கடைக்கால் கேட்பது டேப்பின் அளவை அல்ல, எந்த அடுக்கில் போய் நிற்கிறோம் என்பதை.

மனையில் மூன்று இடங்களில் சோதனைக் குழி எடுத்தோம். ஈசானி மூலையிலும் தெற்கு நடுவிலும் எதிர்பார்த்தபடியே அமைந்தது: 60 சென்டிமீட்டர் செம்மண், பிறகு மெல்ல இறுகிக்கொண்டே போய், 1.1 முதல் 1.2 மீட்டரில் கடப்பாரை தெறிக்கும் மொரம்பு. கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், எடுத்த குழி வேறு கதை சொன்னது. மேலே ஒன்றரை மீட்டர் வரை கறுப்புக் களியும் கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கலந்து கிடந்தன. நடுவில் உடைந்த செங்கல், மக்கிய வைக்கோல், ஒரு பிளாஸ்டிக் பை. அதன்கீழ் அரை மீட்டருக்கு மேல் சுத்தமான கறுப்புக் களி. 2.1 மீட்டரில்தான் மொரம்பு தென்பட்டது. கடப்பாரையை நிறுத்தி விட்டால் தன் எடையிலேயே ஒரு சாண் இறங்கியது. மேஸ்திரி அதைப் பிடுங்கி மறுபடி நிறுத்திப் பார்த்தார். அதன்பின் ஐந்தடியைப் பற்றி அவர் பேசவில்லை.

காரணம் புல வரைபடத்தில் இருந்தது. மனையின் மேற்கெல்லையை ஒட்டி ஒரு பழைய வாய்க்கால் கோடு ஓடுகிறது. ஏரிக்குப் போன கிளை வாய்க்கால் அது. பல ஆண்டுகளுக்கு முன்பே தூர்ந்து, பிறகு மனைப் பிரிவு போட்டபோது மண்ணடித்து மேவப்பட்டிருக்கிறது. நிலம் வாங்குவோர் பட்டாவைப் பார்க்கும் கவனத்தில் பாதியைப் புல வரைபடத்தின் கோடுகளுக்குக் கொடுத்தால், அஸ்திவாரச் செலவில் வரும் பல அதிர்ச்சிகள் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

களியின் குணத்தை அறிய உப்புத்திறன் சோதனை ஒன்று போதுமானதாயிருந்தது. ஐ.எஸ். 2720 நாற்பதாம் பகுதியில் உள்ள முறை மிக எளியது: உலர்த்திச் சலித்த மண் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு அளவுக் குடுவைகளில் இடப்படும், ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றொன்றில் காய்ச்சி வடித்த நீர். மண்ணெண்ணெயில் களி உப்பாது. ஒரு நாள் கழித்து இரு குடுவைகளிலும் மண் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த மண் மண்ணெண்ணெயில் 10 மில்லிலிட்டரிலும் நீரில் 16 மில்லிலிட்டரிலும் நின்றது. அதாவது 60 விழுக்காடு உப்பல். சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்து, ஐப்பசியில் ஊதிப் புடைக்கும் மண் இது. இதன் மேல் உட்காரும் சுவர் ஆண்டுக்கு ஒரு தடவை தூக்கப்பட்டு ஒரு தடவை இறக்கப்படும்.

இங்கேதான் வாஸ்துவோடு ஒரு சிறு பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. கனமான அறை கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று குடும்பத்தார் குறித்து வைத்திருந்தார்கள். புயல் அறையும் அங்கேயே போகட்டும் என்பது வாத்தியாரின் எண்ணம். மண்ணோ மனையிலேயே பலவீனமான இடம் அதுதான் என்கிறது. ஈசானியில் பாரம் ஏற்றக் கூடாது, நடுவில் பிரம்ம ஸ்தானம் திறந்திருக்க வேண்டும் என்பதால் அந்த இரண்டு இடங்களையும் விட்டுவிட்டுப் பார்த்தால், தெற்கு நடுவில் மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம் மண்ணுக்கும் ஒத்தது, வாஸ்து பார்த்தவருக்கும் ஒத்தது. கன்னி மூலையில் படுக்கையறை அமைந்தது. இத்தகைய நம்பிக்கைகளை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் திட்டம் போடும் பொறியாளர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் பிறகு மேஸ்திரியோடு சேர்ந்து அறையை நகர்த்திவிடுவார், வரைபடம் மட்டும் பொறியாளரிடம் இருக்கும்.

கடைக்காலின் கணக்கு

நடு வரிசைத் தூண் ஒன்றுக்கு ஒவ்வொரு தளத்திலும் ஏறத்தாழ 10 சதுர மீட்டர் பரப்பின் சுமை வருகிறது. தளம், பூச்சு, சுவர், புழங்குவோர், சாமான் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 1.2 டன் என்று கொண்டால், இரண்டு தளத்துக்கு 24 டன். மொரம்பு தாங்கும் சுமையைச் சதுர மீட்டருக்கு 20 டன் என்று அடக்கமாகவே எடுத்துக்கொண்டோம். 1.2 மீட்டர் சதுர ஃபுட்டிங் (தூணின் அடியில் பரந்து நிற்கும் கான்கிரீட் பாதம்) போட்டால் மண்ணின் மேல் வரும் அழுத்தம் 16.7 டன். கணக்கு இதோடு முடிந்துவிடும், மனை முழுவதும் ஒரே மண்ணாக இருந்திருந்தால்.

கன்னி மூலைத் தூண்களை மட்டும் 2.25 மீட்டருக்கு இறக்கி மொரம்பில் 15 சென்டிமீட்டர் உட்காரச் செய்தோம், மற்றவை 1.35 மீட்டர். இப்படி அடுத்தடுத்த ஃபுட்டிங்குகள் வெவ்வேறு ஆழத்தில் நிற்கும்போது, மேலே நிற்பது கீழே நிற்பதன் மேல் சாய்ந்து அழுத்தக் கூடாது. ஐ.எஸ். 1904 இதற்கு வைத்திருக்கும் வரம்பு, ஓரங்களை இணைக்கும் கோடு இரண்டுக்கு ஒன்று என்ற சரிவைவிடச் செங்குத்தாகக் கூடாது என்பது. ஆழ வித்தியாசம் 0.9 மீட்டர் என்றால் இடைவெளி 1.8 மீட்டர் வேண்டும். தூண்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 3 மீட்டர், ஃபுட்டிங் அகலம் 1.2 மீட்டர்; இடைவெளி சரியாக 1.8 மீட்டரில் நின்றது. மருமகன் அந்தப் படுக்கையறையைச் சற்றுக் குறுக்கி ஹாலைப் பெரிதாக்கக் கேட்டபோது மறுத்ததற்கு இதுதான் காரணம்.

கன்னி மூலையில் அடிப்பருமன் கொண்ட பைல், அதாவது துளையிட்டு ஆழத்தில் இறக்கும் கான்கிரீட் கால், இறக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. கரிசல் ஆழமாகக் கிடக்கும் இடங்களில் அது நல்ல வழிதான், ஐ.எஸ். 2911 மூன்றாம் பகுதி அதற்கென்றே இருக்கிறது. இங்கே இரண்டு மீட்டரில் மொரம்பு கிடைக்கும்போது, இரண்டு மூன்று தூணுக்காக இயந்திரத்தை வரவழைப்பதில் பொருளில்லை. அதற்குப் பதில், அந்தப் பகுதியில் பிளிந்த் பீமுக்கு (பேஸ்மட்டத்தில் தூண்களை இணைக்கும் கான்கிரீட் விட்டம்) அடியில் 8 சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டு, பக்கவாட்டில் மண் சரியாதபடி பலகைக் கல் வைத்தோம். களி உப்பும்போது அது பீமைத் தொடாமல் அந்த இடைவெளிக்குள் உப்பிக்கொள்ளும். இதைக் கொத்தனாருக்குப் புரிய வைப்பது கடினம். பீமுக்கு அடியில் சந்து தெரிந்தால் கை தானாகவே கலவையைத் திணிக்கும். இரண்டு இடத்தில் திணித்ததைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது.

பேஸ்மட்டத்தின் உயரத்தை அண்டை வீட்டுச் சுவர் முடிவு செய்தது. 2024 டிசம்பர் வெள்ளத்தின் கறை அதில் சாலை மட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டரில் இருந்தது. அதற்கு மேல் அடுத்தடுத்துத் தார் போடும்போதெல்லாம் சாலை உயர்ந்துகொண்டே போகும் என்பதையும் கணக்கில் சேர்த்து, தரைமட்டத்தைச் சாலையிலிருந்து 90 சென்டிமீட்டருக்கு எடுத்தோம். பிளிந்த் பீம் வரை தூண்களுக்கிடையே கருங்கல் கட்டு. கருங்கல்லுக்குப் பேர்போன மாவட்டத்தில் அது செங்கல்லை விட மலிவு என்பது ஒருபுறம். ஓடும் நீர் அடிமண்ணை அரிக்க முயலும்போது செங்கல் கட்டை விட அது நின்று பிடிக்கும். உள்ளே நிரப்புவதற்கு அதே மனையில் தோண்டிய களியைப் பயன்படுத்த விடவில்லை. மொரம்பு கொண்டுவந்து, 15 முதல் 20 சென்டிமீட்டர் படலமாகப் பரப்பி, நீர் தெளித்து இடித்தார்கள்.

அறை

அமெரிக்கப் புயல் அறை விதி, தனி வீட்டு அறைகளில் சுழற்காற்றுக்கு ஆளுக்கு 3 சதுர அடியும், நீண்ட நேரம் தங்க வேண்டிய கடற்புயலுக்கு 7 சதுர அடியும் கேட்கிறது. காற்றின் வேகத்தில் அந்நாட்டு அளவை ஏற்கவில்லை என்றாலும், உட்காரும் இடத்துக்கு இரண்டாவது கணக்கை எடுத்துக்கொண்டோம். ஆறு பேருக்கு 42 சதுர அடி. உள்ளளவு 2.1-க்கு 2.0 மீட்டர், 45 சதுர அடி. சுவர் 15 சென்டிமீட்டர் கம்பிக் கான்கிரீட், மேலும் கீழும் அதே கனத்தில் தளம். கூரைத் தளத்தைக் காற்று தூக்குமோ என்ற கேள்வியே எழாது: அதன் எடை சதுர மீட்டருக்கு 375 கிலோ, தூக்கும் அழுத்தம் சுமார் 100 கிலோ. இந்த அறை தாங்க வேண்டியது வேறு. பக்கத்து வீட்டுத் தகரம், முறிந்த மாங்கிளை, சரியும் மாடிக் கைப்பிடிச் சுவர் ஆகியவற்றைத்தான்.

அறையின் அடிப்பகுதி தனி ஃபுட்டிங்குகளில் நிற்கவில்லை. 2.9-க்கு 2.8 மீட்டர் ராஃப்ட் (அறையின் அடி முழுவதற்கும் ஒரே கான்கிரீட் பலகை) ஒன்று மொரம்பின் மேல் போடப்பட்டு, அதிலிருந்து நான்கு சுவர்களும் நேராக எழுகின்றன. உள்ளே நிரப்பிய மொரம்பு, படிக்கட்டின் பங்கு எல்லாம் சேர்ந்து அதன் மொத்தச் சுமை 45 டன் அளவில் வருகிறது. மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு ஐந்தரை டன். பக்கத்து ஃபுட்டிங்குகள் 16 டன்னுக்கு மேல் அழுத்தும்போது இது மூன்றில் ஒரு பங்குதான் அழுத்துகிறது. களிமண்ணில் இந்த வித்தியாசம் ஆபத்தானது. ஃபுட்டிங்குகள் இறங்க, அறை அப்படியே நிற்க, இரண்டுக்கும் இடையில் உள்ள சுவர் பிளந்துவிடும். மொரம்பில் இரண்டுமே அசையாததால் பொருட்டில்லை. அறையைக் கன்னி மூலையிலிருந்து நகர்த்தியது இதனால்தான் முதன்மையான முடிவாகிறது.

புயல் அறையைப் பற்றிய பேச்சு வீடு கட்டி முடிந்த பிறகு வந்தால் ஏன் பயனில்லை என்பதும் இந்த ராஃப்டில்தான் தெரிகிறது. சுவரின் நிற்கும் கம்பிகள், 12 மில்லிமீட்டர் கனத்தில் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, ராஃப்டின் கம்பிக்குள்ளேயே வளைந்து படுத்து அங்கிருந்து எழ வேண்டும். ராஃப்டுக்கு மேலே 60 சென்டிமீட்டர் நீட்டி, அடுத்த கம்பியோடு ஒட்டி, கூரைத் தளத்தின் கம்பிக்குள் போய் மடங்க வேண்டும். எங்கும் அறுபடாத அந்தத் தொடர்ச்சியே அறையை ஒரே பெட்டியாக்குகிறது. இருக்கும் தரையின் மேல் பின்னால் கான்கிரீட் சுவர் எழுப்பினால், துளை போட்டு இரசாயனப் பசையில் கம்பி ஒட்டலாம். பூச்சுக்கு அடியில் அந்தப் பசை எத்தனை துளையில் ஒழுங்காக நிரம்பியது என்பதை யாரும் பார்க்கப் போவதில்லை.

மின்னலும் அதே நாளில் முடிவு செய்ய வேண்டிய ஒன்று. இப்பகுதியின் கோடைமழையில் காற்றைவிட இடி அதிகம் பயமுறுத்துகிறது. ராஃப்டின் கம்பியோடு துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையைப் பிணைத்து, அதை வெளியே எடுத்துப் பூமித் தொடர்புக் குழாயோடு இணைத்து, மேலே கூரையின் கம்பி வரை தொடர்ச்சி விட்டோம். அறைக்குள் தண்ணீர்க் குழாய் கொண்டுவரவில்லை. குடிநீருக்கு ஒரு குடம் போதும். கான்கிரீட் கொட்டும் முன் இந்தப் பிணைப்புகளுக்கு ஆகும் கூலி பொருட்படுத்தத் தக்கதல்ல. கொட்டிய பிறகு எந்தக் கூலிக்கும் ஆகாது.

கதவு உட்புறமாகத் திறக்கிறது. வெளியே தகரமோ இடிபாடோ விழுந்து அடைத்தால் உள்ளிருப்பவர்கள் இழுத்துத் திறக்கட்டும் என்பதற்காக. இரும்புச் சட்டம், மூன்று கீல், மூன்று தாழ். காற்றுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு துவாரம். பறந்து வரும் பொருள் நேரே நுழையாதபடி கான்கிரீட் மறைப்பு. அறை மற்ற நாளில் சும்மா கிடக்கப் போவதில்லை. கேழ்வரகு மூட்டையும் புளியும் அடுக்கும் சாமான் அறை அது. ஆனால் சாமான் அறை என்று பெயர் வைத்த கணமே உட்கார இடமில்லாமல் நிரம்பிவிடும் என்பதால், இரு பக்கச் சுவரில் ஒன்றரை மீட்டருக்கு மேலே மட்டும் பரண் அமைத்து, கீழே வெற்றுத் தரையாக விடச் சொன்னோம். வாத்தியாரின் தாயாருக்காகச் சுவரோரம் ஒரு சிமெண்டுத் திண்ணை உண்டு.

இந்த அறைக்கு அதிகமாகச் செலவானது எவ்வளவு என்று பலரும் கேட்கிறார்கள். பேஸ்மட்டத்துக்கு மேல் உள்ள சுவருக்குச் சுமார் மூன்றேகால் கன மீட்டர் கான்கிரீட், கால் டன்னுக்குச் சற்று மேல் கம்பி. அதிலிருந்து எப்படியும் கட்டியிருக்கவேண்டிய செங்கல் சுவரின் செலவைக் கழித்துக்கொள்ள வேண்டும். ராஃப்ட் கூடுதல், அந்த இடத்தில் வந்திருக்கும் நான்கு ஃபுட்டிங்குகள் மிச்சம். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாயில் எழுதுவதைவிட இந்த அளவுகளை உங்கள் மேஸ்திரியிடம் காட்டி விலை கேட்பதே பயன் தரும்.

வேலை நடந்தபோதும் பிறகும்

அனுமதியில் சிக்கல் வரவில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் இருந்தால் இணையவழியிலேயே அனுமதி கிடைக்கிறது. வசதிதான், ஆனால் மண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்க யாரும் நேரில் வரமாட்டார்கள் என்பதையும் வீட்டுக்காரர் நினைவில் வைக்க வேண்டும்.

கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வைப்பதில் தொடர்ந்து நின்று பார்க்க வேண்டியிருந்தது. ஐ.எஸ். 456 ஃபுட்டிங்குக்கு 50 மில்லிமீட்டர் மூடுகனம் கேட்கிறது. ஜல்லித் துண்டுகளைச் செருகிவிட்டுக் கம்பி தூக்கி நிற்கிறது என்று காட்டுவது வழக்கமாகிவிட்டது. மிதித்தால் அந்த ஜல்லி உருண்டுவிடும். கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் நீராற்றலுக்குப் பத்து நாள் என்று பேசினோம், கோடை உச்சத்தில் ராஃப்டுக்குச் சாக்கு நனைத்துப் போட்டு அதைக் கடைப்பிடித்தார்கள். தூண்களுக்கு மூன்றாம் நாளே சாக்கு காய்ந்து கிடந்தது. லாரித் தண்ணீர் விலை ஏறியிருந்த வாரம் அது.

பேஸ்மட்டம் முடிந்த நிலையில் வந்த வடகிழக்குப் பருவமழை ஒரு சோதனையாக அமைந்தது. மனையின் மேற்கே, பழைய வாய்க்கால் இருந்த தடத்தில், நீர் தன் பழைய வழியைத் தேடி வந்து சுற்றுச்சுவர் வாணத்தில் தேங்கியது. வீட்டுக்குப் பாதகமில்லை. ஆனால் சுற்றுச்சுவரை மட்டும் மேஸ்திரியின் போக்கில் ஒன்றரை அடி வாணத்தில் எழுப்பியிருந்ததால், கன்னி மூலைக்கு அருகே அதில் ஒரு சாய்வு வெடிப்பு வந்திருக்கிறது. அந்த இடத்தில் சுவரைப் பிரித்து, அடியில் நீர் போக இரண்டு குழாய் விட்டு, களிக்குக் கீழே இறக்கிக் கட்ட வேண்டும். தடுக்கத் தடுக்க அந்த நீர் வேறெங்காவது உடைத்துக்கொண்டு போகும்.

குடிபுகுந்த பிறகு வந்த கோடையில் ஒரு மாலை சூறைக்காற்றும் இடியும் வந்தபோது குடும்பம் அறைக்குள் அரை மணிநேரம் இருந்தது. புழுக்கம் அதிகம் என்பதே புகார். கீழ்த் துவாரத்தைப் புளி மூட்டை அடைத்திருந்தது. மூட்டையை நகர்த்தச் சொன்னதோடு, அந்தத் துவாரத்தின் முன் ஒரு கம்பி வளைவு பதித்து எதையும் ஒட்டி வைக்க முடியாதபடி செய்தோம். மின்சாரம் போனதும் இருட்டு என்பதால் சார்ஜ் விளக்கு ஒன்று இப்போது பரணில் இருக்கிறது. தாழ்களில் நடுவில் உள்ளது இறுக்கமாக இருந்ததால் பேத்தியால் தள்ள முடியவில்லை. அதைத் தேய்த்துச் சரிசெய்தார்கள்.

முடியாமல் நிற்பது மொட்டைமாடித் தகரக் கூரை. புளி காயவைக்கவும் துணி உலர்த்தவும் மேலே ஷெட் போட வேண்டும் என்பது வீட்டுப் பெண்களின் விருப்பம், நியாயமான விருப்பம். தகரத்தின் எடை சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ. அதைத் தூக்கும் காற்றழுத்தம் 93 கிலோவுக்குக் குறையாது. பத்துச் சதுர மீட்டர் கூரையைத் தாங்கும் ஒரு குழாய்க் கால் ஏறத்தாழ 900 கிலோவைக் கீழே பிடித்து நிறுத்த வேண்டும். வெல்டிங் பட்டறையில் இதைக் கேட்டால், தளத்தில் நான்கு ஆங்கர் போல்ட் அடித்துவிடலாம் என்பார்கள். போல்ட் உடையாது, தளத்தின் மேலுள்ள தட்டோட்டுப் பூச்சோடு பெயர்ந்து வரும், ஏனென்றால் அதன் பாதி நீளம் பூச்சில்தான் இருக்கிறது. தூண்களின் தலைப்பில், பின்னால் மாடி எடுப்பதற்காக நீட்டி விட்டிருக்கும் கம்பிகளோடு குழாய்க் காலின் அடித்தகட்டைச் சேர்த்துக் கான்கிரீட் இட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படிச் செய்தால் மாடி எடுக்கும்போது கம்பி வீணாகிவிடும் என்று மருமகன் தயங்குகிறார். ஷெட்டையே மாடி எடுக்கும்வரை தள்ளிப்போட்டு, அதுவரை புளியைக் களத்திலேயே காயவைக்கலாம் என்பது வாத்தியாரின் யோசனை. என் விருப்பமும் அதுவே.